தேநீர்க் கிண்ணமும் சிறுவர் உள்ளமும்



அண்மையில் உபாசகர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை வைத்தார். "தேநீரிலும், கையால் வனைந்த மண் கிண்ணங்களிலும் எனக்கு நாளுக்கு நாள் விருப்பம் வளர்ந்து வருகிறது. என் சிறு மகளும் என் அருகே அமர்ந்து அவ்விருப்பத்தைக் கற்றுக்கொள்கிறாள். ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்று விகாரையில் கேட்டுவிட்டு, வீட்டிற்குச் சென்று குழந்தைக்குப் புதியதோர் ஆசையைப் புகட்டுவது முறையாகுமா?" என்பதே அவ்வினா.

சிறியதாகத் தோன்றினும் இது சிறிய வினாவன்று. பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது யாது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது. நிலமும் பொன்னும் விட்டுச் செல்லும் நிலையில் நம்மில் பலர் இல்லை. எதை விரும்புவது, எவ்வாறு விரும்புவது என்னும் பழக்கத்தையே அவர்களுக்கு விட்டுச் செல்கிறோம். ஆகவே இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இவ்விருப்பத்திற்கு எதிராக இரண்டு தடைகள் கூறப்படும். முதலாவது, நாவின் சுவையும் கண்ணின் கவர்ச்சியும் பற்றை வளர்க்கும் என்பது. இரண்டாவது, கிண்ணங்களைத் தேர்ந்து தேர்ந்து சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு. நமக்கு அது பொருந்தாது என்பது. இரண்டாவது தடையையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதுவே நெஞ்சை மிகுதியும் உறுத்துவது.

நம் மக்களுக்குத் தேநீர்க் குவளை அழகுப் பொருளாக அறிமுகமாகவில்லை; அவமானப் பொருளாகவே அறிமுகமாயிற்று. கடைக்கு வெளியே நின்று கொட்டாங்கச்சியில் தேநீர் வாங்கிக் குடித்தவர்களின் பேரர்கள் நாம். பின்னர்த் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இரட்டைக் குவளை முறை வந்தது. ஒரு பலகையில் சிலருக்கான குவளைகள். கூரை ஓரத்தில் நமக்கான குவளைகள். குடித்தவர் தாமே கழுவி வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும், 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. ஆயினும், சிலருக்குக் கண்ணாடிக் குவளையும் சிலருக்குத் தூக்கி எறியும் காகிதக் குவளையும் கொடுக்கும் கடைகளைப் பற்றி இந்நாளிலும் செய்திகள் வருகின்றன. சட்டத்திற்கு அஞ்சிய தீண்டாமை காகிதத்திற்குள் புகுந்து கொண்டது.

தேயிலையின் கதையும் நமக்கு அயலானதன்று. ஆனைமலையிலும் நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் காட்டை அழித்துத் தேயிலை பயிரிட்டவர்களுள் நம் மக்கள் எத்தனை ஆயிரம் பேர்! அத்தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல், தாம் கண்ட கொடுமைகளை வைத்து 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார்; அது தமிழில் "எரியும் பனிக்காடு" என்னும் பெயரில் வந்துள்ளது. மலையில் நம்மவர் பறித்த இலை, நகரத்தில் ஆலைத் தொழிலாளியாகிய நம்மவர்க்கே விற்கப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில், அதாவது 1914 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில், தேயிலை வணிகர்கள் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் தொழிற்கூடங்களிலும் தேநீர்க் கடைகள் வைக்க ஊக்கமளித்தார்கள். தொழிலாளியின் களைப்பைத் தேநீர் மறைக்கும். அவன் மீண்டும் பொறியின் முன் நிற்பான் என்பது அவர்கள் கணக்கு.

நாம் ஆலையில் தறியோட்டிய ஆண்டுகளில் தேநீரைச் சுவைத்ததில்லை; விழுங்கினோம். சங்கொலிக்குள் முடிக்க வேண்டும். உதட்டில் ஒட்டிய பஞ்சும் தேநீரோடு உள்ளே போகும். ஆலையை விட்டுத் தம்மப் பணிக்கு வந்த பின்னரே, அமர்ந்து, ஆவி எழுவதைப் பார்த்து, இலையின் மணத்தை அறிந்து குடித்தோம். அன்று தொடங்கிய விருப்பம் இன்றும் வளர்ந்து வருகிறது. அவசரமாக விழுங்க வைக்கப்பட்டவன் அமர்ந்து சுவைப்பது ஆடம்பரமாகாது. கொட்டாங்கச்சி கொடுக்கப்பட்டவன் தன் மகளின் கையில் நல்லதோர் கிண்ணத்தைக் கொடுப்பதும் ஆடம்பரமாகாது. பறிக்கப்பட்டதை மீட்டுக்கொள்வது என்றே அதற்குப் பெயர். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகியது தாகத்திற்காக மட்டுமா? பருகும் பொருளில் மனிதனின் மதிப்பு அடங்கியிருக்கிறது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்?

இனி முதல் தடைக்கு வருவோம். விருப்பம் பற்றாகாதா?

பகவன் புத்தர் பாத்திரங்களைப் பற்றிப் பேசாதவர் அல்லர். விநயத்தில் ஒரு செய்தி வருகிறது. கபிலவஸ்துவில் ஒரு குயவர், பாத்திரம் வேண்டும் பிக்குகள் தம்மிடம் கேட்கலாம் என்று அன்போடு அழைத்தார். பிக்குகளோ அளவறியாமல் கேட்டார்கள். சிறிய பாத்திரம் உடையவர் பெரியது கேட்டார். பெரியது உடையவர் சிறியது கேட்டார். அவர்களுக்கே வனைந்து கொண்டிருந்ததால் விற்பதற்குரிய பாண்டங்களைச் செய்ய அந்தக் குயவருக்குப் பொழுதில்லை. அவர் மனைவி மக்களும் வருந்தினார்கள். செய்தி பகவனின் செவிக்கு எட்டிற்று. அவர் பிக்குகளைக் கண்டித்தார். பின்னர், ஐந்து இடங்களுக்குக் குறைவாக ஒட்டுப் போட்ட பாத்திரத்தை உடையவர் புதிய பாத்திரம் கேட்டுப் பெறலாகாது என்ற விதி வகுக்கப்பட்டது.

அன்பர்களே, இந்த விதியை ஊன்றி நோக்குங்கள். பாத்திரத்தை வெறுத்து ஒதுக்குக என்று அது கூறவில்லை. உள்ளதைப் பழுது பார்த்துப் பேணுக என்கிறது. அதற்குக் காரணமாக நிற்பது குயவர் வீட்டுக் குழந்தைகளின் பசி. எனவே பற்றையும் அன்பையும் பிரித்தறிய நமக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. பற்று பொருளை மட்டும் காணும். மேலும் வேண்டும் என்னும். அன்பு பொருளின் பின்னால் நிற்கும் கையைக் காணும், இருப்பதைப் பேணும். அலமாரியில் நாற்பது கிண்ணம் அடுக்குவது பற்று. ஒரே கிண்ணத்தை, அதை வனைந்தவரை அறிந்து, விரிசலை அடைத்து, ஆண்டுக்கணக்கில் ஆள்வது அன்பு.

குயவரைத் தம்மம் எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதற்கு மஜ்ஜிம நிகாயத்தில் வரும் கடிகாரர் கதை சான்று. அவர் காசியப புத்தரின் அணுக்கத் தொண்டர்; பார்வையிழந்த முதிய பெற்றோரைக் காத்தவர். தாமாக நிலத்தைத் தோண்டாமல், கரை இடிந்து விழுந்த மண்ணையும் எலி பறித்த மண்ணையும் எடுத்து வனைவார். பாண்டங்களை வெளியே வைத்து, அரிசியோ பயறோ வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துச் செல்லுமாறு கூறுவார். வருணத்தைப் பெரிதென்று எண்ணியவர்கள் தாழ்ந்த தொழில் என்றார்கள். தம்மமோ அத்தொழிலில் அறத்தைக் கண்டது.

குழந்தைக்குப் பாடம் சொல்லவும் பாத்திரம் உதவும் என்பதைப் பகவனே காட்டியிருக்கிறார். இராகுலருக்கு அவர் போதித்த அம்பலட்டிகை உரையை நம்மவர் அறிவர். அப்போது இராகுலர் ஏழு வயதுச் சிறுவர் என்று உரை மரபு கூறும். கால் கழுவ நீர் கொண்டுவந்த சிறுவரிடம், பாத்திரத்தில் எஞ்சிய சிறிதளவு நீரைக் காட்டினார். அதைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். அறிந்தே பொய் கூறுவோரின் துறவு இத்தகையது என்று விளக்கினார். ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும் போதும், செய்த பின்னும் அது தனக்கும் பிறர்க்கும் தீங்காகுமா என்று எண்ணிப் பார்க்கவும் கற்பித்தார். தந்தை மகனுக்குத் தந்த அப்பாடத்திற்கு ஏடும் எழுத்தாணியும் தேவைப்படவில்லை. வீட்டில் உள்ள நீர்ப் பாத்திரமே போதுமாயிற்று.

தேநீரும் பிள்ளை வளர்ப்பும் கூடிய ஓர் இடம் சீன நாட்டில் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ என்பவர் கைவிடப்பட்ட குழந்தை. புத்த மடாலயத்துத் துறவி ஒருவர் அவரை எடுத்து வளர்த்தார். ஆசானுக்குத் தேநீர் காய்ச்சிக் காய்ச்சியே அவர் அக்கலையைக் கற்றார் என்பது மரபு. துறவு பூண அவர் உடன்படவில்லை. மடாலயத்தை விட்டு ஓடிக் கூத்தாடிகளோடும் சேர்ந்தார். ஆயினும் இளமையில் பழகிய தேநீர் அவரை விடவில்லை. தேயிலையைப் பற்றி உலகில் தோன்றிய முதல் பெருநூலை அவரே இயற்றினார். இலை, நீர், நெருப்பு, கருவிகள் ஆகியவற்றோடு, எந்த ஊர்க் கிண்ணம் தேநீரின் நிறத்தை நன்கு காட்டும் என்பதையும் அதில் ஆராய்ந்துள்ளார். பெற்றோரற்ற பிள்ளைக்கு ஒரு துறவி அளித்த செல்வம் இதுதான். பிள்ளை நாம் காட்டிய வழியில் வாராது போகலாம். நாம் அன்போடு பழக்கியது அதனோடு போகும்.

ஜப்பான் நாட்டிற்கு எய்சாய் என்னும் துறவி சீனத்திலிருந்து தேயிலை விதைகளைக் கொண்டு சென்றார் என்பர். 1211இல் தேநீரின் நன்மைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ (1522–1591) தேநீர் விருந்தை எளிமையின் நெறியாக்கினார். குடிசை போன்ற சிறு அறை. குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாயில். வாளேந்திய வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலை தாழ்த்தித்தான் உள்ளே வர வேண்டும். சோஜிரோ என்னும் ஓடு செய்யும் தொழிலாளி, சக்கரமின்றிக் கையாலேயே பிடித்துச் செய்த கிண்ணங்களை அவர் விரும்பினார்.

ஆயினும் தேநீர் தானாகவே மனிதனைத் திருத்திவிடும் என்று எவரும் மயங்க வேண்டா. அதே ரிக்கியூ பணியாற்றிய ஆட்சியாளர் ஹிதேயோஷி, பொன் தகடு வேய்ந்த தேநீர் அறை கட்டிக்கொண்டார். 1591இல் ரிக்கியூ தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டவரும் அவரே. கொரியாவின் மீது அவர் தொடுத்த போரில் (1592–1598) அந்நாட்டுக் குயவர்கள் பலர் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கிண்ணத்தின் மீது கொண்ட ஆசை, அதை வனையும் மனிதனையே கொள்ளைப் பொருளாக்கியது. மேற்கூறிய உரைகல்லில் அந்த ஆசையை உரைத்துப் பார்த்தால் அது அன்பன்று, பற்றே என்பது விளங்கும்.

கியோத்தோ நகரின் தைத்தோகுஜி மடாலய வளாகத்தில் ஒரு கொரியக் கிண்ணம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கிசாயெமோன் என்பது அதன் பெயர். ஜப்பானிய அரசு அதனைத் தேசியச் செல்வமாக அறிவித்துள்ளது. கைவினைப் பொருள்களின் பெருமையை உலகிற்கு எடுத்துரைத்த யானகி சோயெட்சு, 1931இல் அதைக் கண்டு வியந்தார். ஏழை மக்கள் அன்றாடம் சோறுண்ண, பெயரறியாத தொழிலாளி ஒருவர் அழகைப் பற்றி எண்ணாமல் விரைந்து வனைந்த சாதாரணக் கிண்ணமே அது என்று அவர் கருதினார். அதை வைத்திருந்த வணிகரின் பெயர் கிண்ணத்திற்கு நிலைத்துவிட்டது. வனைந்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது. நம் குழந்தைகள் கற்க வேண்டிய பாடம் இது. எந்த அழகிய பொருளைக் கண்டாலும், "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்கும் பிள்ளை தொழிலாளியை இழிவாக எண்ணாது.

நமக்கு ஏழு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். மும்பைத் தாராவியிலுள்ள கும்பார்வாடாவிற்கு ஒருநாள் அவளை அழைத்துச் சென்றோம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வனைந்து வருகிறார்கள். ஆலைகளின் பஞ்சுக் கழிவை இட்டு எரிக்கும் சூளைகள் அங்கே உண்டு. நம் கையில் ஒட்டிய பஞ்சு ஒருவேளை யாரோ ஒருவரின் குவளையைச் சுட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். முதிய குயவர் ஒருவர், ஈரம் உலராத ஒரு கிண்ணத்தைச் சிறுமியிடம் நீட்டி, விரலைப் பதிக்கச் சொன்னார். அவள் கட்டைவிரலை அழுத்தினாள். சில நாட்கள் கழித்துச் சுட்ட கிண்ணத்தை வாங்கி வந்தோம். அன்று முதல் அது அவளுடைய கிண்ணம்.

அதன் பின் ஒருநாள் நம் ஊர்ப்பக்கத்து உறவினர் ஒருவர் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். பேத்தி தன் கிண்ணத்திலேயே அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி, தலையை அண்ணாந்து, உதடு படாமல் உயரத் தூக்கி ஊற்றிக் குடித்தார். சூடான தேநீர் அவர் மார்பில் சிந்தியது.

"தாத்தா, அவர் ஏன் கிண்ணத்தில் வாய் வைக்கவில்லை?" என்று அவள் நம் காதருகே கேட்டாள்.

"அவர் சிறுவராய் இருந்தபோது, வாய் வைத்துக் குடித்தால் கிண்ணம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்லி வைத்தார்கள், அம்மா" என்றோம்.

அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு அவரிடம் சென்று, "தாத்தா, இது மண் கிண்ணம். வாய் வைத்துக் குடித்தால்தான் மண் மணம் தெரியும்" என்று கூறி, மீண்டும் ஊற்றினாள். அவர் அவளைப் பார்த்தார்; நம்மைப் பார்த்தார். பின்பு இரு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து வாய் வைத்துக் குடித்தார். அதைப் பற்றி அன்று எவரும் மேலும் பேசவில்லை.

ஆனந்தர் மாதங்கப் பெண்ணிடம் நீர் கேட்ட வரலாற்றை நாம் பலமுறை மேடையில் கூறியிருக்கிறோம். தான் தாழ்ந்த குலத்தவள் என்று அவள் தயங்கியபோது, தாம் கேட்டது குலத்தையன்று, நீரையே என்று ஆனந்தர் உணர்த்தினார். மேடையில் நாம் கூறிய அந்த வரலாற்றின் பொருளை அன்று ஒரு சிறுமி அடுக்களையில் செய்து காட்டினாள். தன் கிண்ணத்தை அவள் விரும்பியதால்தான் அதைக் கொடுக்கவும் முடிந்தது. விரும்பாத பொருளைக் கொடுப்பது தானமாகாது.

மண் கிண்ணமே தூயது என்று புகழ்ந்துவிட்டு நிறுத்தலும் ஆகாது. வடநாட்டில் குல்ஹட் எனப்படும் மண் குவளையைக் குடித்தவுடன் உடைத்தெறியும் வழக்கத்தில், ஒருவர் வாய் வைத்ததை மற்றவர் தொடலாகாது என்னும் தீட்டுணர்வும் கலந்திருந்தது. 2004இல் இரயில் நிலையங்களில் மண் குவளைக்கு ஆதரவு தரப்பட்டபோது குயவர்களுக்கு வேலை கிடைக்கும் என்ற நோக்கமும் இருந்தது. ஒரே குவளை தீட்டிற்கும் துணை போகும். தொழிலாளியின் அடுப்பும் எரிய உதவும். குவளையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கொடுக்கும் மனத்தில்தான் உள்ளது.

இனி, பெற்றோர்க்குச் சில கூறுவோம். மிகச் சிறு குழந்தைகளுக்குத் தேநீர் வேண்டா. வளர்ந்த பிள்ளைகளுக்கும் பால் மிகுதியாகவும் சாறு மெல்லியதாகவும் சிறிதளவே போதும். இரவில் கொடுத்தால் உறக்கம் கெடும். உணவோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஆதலால் உணவிற்கும் தேநீருக்கும் இடையே நேரம் விடுக. தேநீரைப் பகிர்வதென்றால் வயிறு நிறையக் கொடுப்பதன்று. நீர் கொதிக்கும் ஓசையைக் கேட்கச் செய்வதும், இலையை முகரச் செய்வதும், கிண்ணத்தின் வெதுவெதுப்பை உள்ளங்கையில் உணரச் செய்வதும் பகிர்தலே.

இராகுலருக்குக் கற்பித்த முறையையே இங்கும் கைக்கொள்ளலாம். காய்ச்சுமுன், "இந்த இலையைப் பறித்தவர் யார், இக்கிண்ணத்தை வனைந்தவர் யார்?" என்று கேளுங்கள். குடிக்கும்போது, "வீட்டிலுள்ள அனைவர்க்கும் கிடைத்ததா? வாயிலில் நிற்பவர்க்கும் இதே கிண்ணமா?" என்று கேளுங்கள். குடித்தபின், பிள்ளை தன் கிண்ணத்தோடு பெரியவர்களின் கிண்ணத்தையும் கழுவி வைக்கட்டும். பெரியவர்களும் சில நாள் பிள்ளையின் கிண்ணத்தைக் கழுவுக. கழுவுதல் இழிந்தோர் வேலை என்னும் எண்ணம் அவ்விதம் வேரறும்.

ஒருநாள் அக்கிண்ணம் உடையும். தாய்லாந்து நாட்டு வனத் துறவி ஆஜான் சா (1918–1992), தாம் விரும்பிப் பயன்படுத்தும் கண்ணாடிக் குவளை ஏற்கெனவே உடைந்துவிட்டதாகவே கருதி வந்ததாகவும், அதனாலேயே அது இருக்கும் ஒவ்வொரு கணமும் அருமையாயிற்று என்றும் விளக்கியதுண்டு. பிள்ளையின் கை தவறி உடையும்போது பெற்றோர் கை ஓங்கினால், அதுவரை கற்பித்தது அனைத்தும் அக்கணமே பாழாகும்; கிண்ணம் பிள்ளையைவிடப் பெரிது என்ற பாடமே எஞ்சும். ஓட்டை இருவரும் சேர்ந்து பொறுக்குங்கள். ஒட்டக் கூடுமாயின் ஒட்டி, பூச்செடிக்கு நீர் வார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கூடாதெனின், தோன்றியன யாவும் மறையும் என்பதை அழுகையோடு இருக்கும் பிள்ளைக்கு மெல்லச் சொல்லுங்கள். அநித்தியத்தைப் பற்றிய முதற்பாடம் ஒரு கிண்ணத்தின் அளவில் வருமாயின், பின்னாளில் பெரிய இழப்புகள் வரும்போது அந்தப் பிள்ளை முற்றும் நிலைகுலையாது.

ஆகவே, வினாவெழுப்பிய உபாசகர்க்கு நாம் கூறும் விடை இது: ஐயா, உங்கள் மகளுக்குத் தேநீரின் மீது விருப்பத்தைத் தாராளமாகக் கற்பியுங்கள். எதையும் விரும்பாத உள்ளம் எவரையும் விரும்பாது. ஆனால் அவள் அக்கிண்ணத்தை எத்தனை இறுகப் பிடிக்கிறாள் என்பதைப் பார்க்காதீர்கள். அதை எவர் கையில் கொடுக்கிறாள் என்பதைப் பாருங்கள். நம் பாட்டன்மார்க்கு மறுக்கப்பட்ட கிண்ணம் இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அதை அவர்கள் எவர்க்கும் மறுக்காதிருப்பார்களாக.

எல்லா உயிர்களும் நலமுறுக!